பாயிண்ட் 44 என்றால் பாயிண்ட் 44 அல்ல!

வாடகை நூலகத்தில் காமிக்ஸ் எடுத்து, பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து வளர்ந்த ஆசாமிகளுக்கு ஒரு கேள்வி. கௌபாய் ஹீரோக்கள் பாலைவனத்தில் 'டுமீல்... டுமீல்...' என்று சுட்டுத் தள்ளுகிறார்களே... அவர்கள் உட்கார்ந்து குண்டு போடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்?

விரல் விட்டு எண்ணிவிடலாம். நம்ம ஊர்ப் படங்களிலும் இதே கதைதான். 1972-ல் வந்த 'கங்கா', 'ஜக்கம்மா' காலத்திலிருந்து 2010-ல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வரை, ஹீரோ குதிரையில் ஏறினால் துப்பாக்கி தானாகவே நிரம்பிக் கொள்ளும். ஆறு குண்டுத் துப்பாக்கியால் பதினெட்டுப் பேர் காலி. நான் பி.காம். படித்தவன். இருப்பு ஆறு, செலவு பதினெட்டு என்றால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

நிஜத்தில் அந்தக் காலத்து ரிவால்வருக்குக் குண்டு போடுவது, ஆடிக்கு ஒரு தரம் பரணிலிருந்து பித்தளைப் பாத்திரம் இறக்கித் தேய்க்கிற மாதிரி பெரிய வேலை. அதிலும் ஒரு விஷயத்தைக் கேட்டபோது எனக்கே தலை சுற்றியது. அந்தத் துப்பாக்கிக்குச் சரியான குண்டு எது தெரியுமா? உள்ளே நுழையாத குண்டு!

அப்படியே படித்தேன், விசாரித்தேன். சொல்கிறேன்.

தோட்டா இல்லாத காலம்

போலீஸ் படத்தில் பார்க்கிற பித்தளைத் தோட்டா இருக்கிறதே, அதில் மருந்து, குண்டு, பற்ற வைக்கிற கேப் மூன்றும் ஒரே பொட்டலமாக இருக்கும். டப்பாவில் கட்டிக் கொடுத்த சாம்பார் சாதம் மாதிரி. பிரித்தோமா, சாப்பிட்டோமா என்று முடிந்துவிடும்.

அது பரவலாவதற்கு முன்னால் சாதம் தனி, சாம்பார் தனி. கோல்ட் கம்பெனியின் 1851 மாடல் 'நேவி' ரிவால்வர் (பாயிண்ட் 36), அதே கம்பெனியின் 1860 மாடல் 'ஆர்மி' ரிவால்வர் (பாயிண்ட் 44), போட்டிக் கம்பெனியான ரெமிங்டனின் பாயிண்ட் 44... 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான இடுப்புகளில் தொங்கியவை இவைதான். சினிமாவில் எல்லா கௌபாயும் வைத்திருக்கிற பித்தளைத் தோட்டா கோல்ட், 1873-ல்தான் வந்தது.

பழைய ரிவால்வரில் நடுவில் ஒரு உருளை. அதில் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். அதன் மேல் ஓர் ஈயக் குண்டை உட்கார வைக்க வேண்டும். உருளையைத் திருப்பி, குழலுக்கு அடியில் இருக்கிற லிவரை இழுத்தால், ஒரு தண்டு வந்து குண்டை உள்ளே அழுத்தும். இப்படி ஆறு தடவை. கடைசியாக உருளையின் பின்பக்கம் இருக்கிற ஆறு முளைகளிலும் சின்னச் சின்னச் செப்புக் கேப்களை மாட்ட வேண்டும். சுத்தி விழுந்தால் கேப் வெடிக்கும். அந்தப் பொறி உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும்.

கேப் என்றதும் ஞாபகம் வருகிறதா? தீபாவளிக்கு நாலு நாள் முன்னாலேயே தெருவெல்லாம் 'பட் பட்' என்று சுட்டுத் திரிவோமே, ரோல் கேப், பொட்டு கேப்... அதெல்லாம் இந்தச் செப்புக் கேப்பின் பேரப் பிள்ளைகள்தான். தாத்தா போருக்குப் போனார். பேரன் சிவகாசியிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு வந்தான்.

நகல் துப்பாக்கி, நிஜ வெடி

இந்தப் பழைய ரிவால்வர்களை அச்சு அசலாக இன்றும் செய்து விற்கிறார்கள். இத்தாலியில், பிரெஷியா நகரத்துப் பக்கம். உபெர்ட்டி, பியெட்டா என்று இரண்டு கம்பெனிகள் அங்கே இதற்குப் பெயர் பெற்றவை. பார்க்க பொம்மை மாதிரி பளபளவென்று இருக்கும். ஆனால் சுடும். நிஜமாகவே சுடும். பழைய முறைத் துப்பாக்கிகளுக்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. அதில் கேப் வைத்துச் சுடும் ரிவால்வருக்கு 25 மீட்டர் தூரத்தில் தனிப் பிரிவே உண்டு.

அமெரிக்காவில் 1968-ம் வருஷச் சட்டப்படி, 1898 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களின் இந்த மாதிரி நகல்கள், மத்தியச் சட்டத்தின் கணக்கில் 'துப்பாக்கி' என்ற வகையிலேயே வராது. சில மாநிலங்கள் மட்டும் கூடுதலாகக் கெடுபிடி செய்யும். மற்றபடி தபாலில்கூட வரவழைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்குமா என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிவிடாதீர்கள், சார்! இது இந்தியா. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்துக்கு தாத்தா மாடல், பேரன் மாடல் என்கிற பாரபட்சமெல்லாம் கிடையாது. கரிமருந்து போட்டுச் சுடுகிற துப்பாக்கியானாலும், சுடும் என்றால் லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் குண்டு சைஸ் பார்ப்பதற்கு முன்னால் மாமியார் வீட்டில் ரூம் சைஸ் பார்க்க வேண்டியிருக்கும்.

கோலிக்குண்டு கொடகொடத்த கதை

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் டெக்ஸாஸில் இருக்கிற ஒரு நண்பன். தி.நகர் பையன். பனகல் பார்க் பக்கம் என்னுடைய கோலிகளையெல்லாம் ஜெயித்து டிராயர் பையில் நிரப்பிக் கொண்டு போனவன். இப்போது சாஃப்ட்வேர். கேப்டன் டைகர் படித்த வெறி இன்னும் போகவில்லை. சம்பளம் வந்த கையோடு ஓர் இத்தாலிய நகல் ரிவால்வர் வாங்கிவிட்டான். கூடவே நூறு ஈயக் குண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸப் வீடியோவில் வந்தான்.

"டேய், குண்டு நிக்க மாட்டேங்குதுடா."

"நிக்கலைன்னா?"

"இப்படிப் போட்டா அப்படி வெளியில வருது. பாரு..."

மருந்து போடாத வெறும் உருளையைக் கையில் எடுத்து, ஒரு குண்டை வைத்தான். 'கொடகொட'வென்று உள்ளே போனது. கவிழ்த்தான். 'கொடகொட'வென்று வெளியே வந்து மேஜைக்கு அடியில் உருண்டது. பின்னணியில் அவன் மனைவி, "இதுக்குத்தான் மூணு மாசமா காசு சேர்த்தீங்களா?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

குண்டு டப்பாவைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். 0.440 அங்குலம் என்று போட்டிருந்தது. துப்பாக்கிக் குழலில் பாயிண்ட் 44 என்று பொறித்திருந்தது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? 44-க்கு 44!

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அந்த 0.440 குண்டு இந்த ரிவால்வருக்கானதே இல்லை. அது பாயிண்ட் 45 நீளத் துப்பாக்கிக்கானது. அந்தத் துப்பாக்கியில் குண்டை ஒரு துண்டுத் துணியில் வைத்துக் குழலுக்குள் இறக்குவார்கள். குண்டு 0.440, சுற்றிலும் துணி, இரண்டும் சேர்ந்து 0.45-ஐ நிரப்பிவிடும். ரிவால்வரில் துணியெல்லாம் கிடையாது. குண்டு மட்டும்தான் அறையை அடைக்க வேண்டும்.

சூப்பர் பில்ட்-அப் ஏரியா

அப்படியானால் பாயிண்ட் 44 என்று ஏன் பொறிக்கிறார்கள்? அடையாறில் ஃப்ளாட் வாங்கினவரைக் கேளுங்கள், சொல்லுவார். பத்திரத்தில் 1000 சதுர அடி. உள்ளே போய் டேப் பிடித்தால் கட்டில் போட இடமில்லை. மாடிப்படி, லிஃப்ட், வாட்ச்மேன் ஸ்டூல் எல்லாம் அந்த 1000-த்தில் அடக்கம்.

துப்பாக்கியிலும் ஏறக்குறைய இதே கதைதான். எந்த இடத்தில் டேப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். குழலுக்குள் முதலில் நேராக ஒரு துளை போடுகிறார்கள். அதன் அகலம்தான் ஏறக்குறைய பாயிண்ட் 44. பிறகு உள்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டுகிறார்கள். குண்டை பம்பரம் மாதிரி சுழல வைத்து நேராக அனுப்புவது இந்தப் பள்ளங்கள்தான். பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் பாயிண்ட் 45-ஐ ஒட்டி வந்துவிடும். குண்டு உட்காரும் அறையோ இன்னொரு அளவு. மூன்று அளவு, ஒரே பெயர். பெயர் என்பது ஷேரின் முகமதிப்பு மாதிரி. பத்து ரூபாய் என்று அச்சடித்திருப்பார்கள். மார்க்கெட் விலை வேறு.

அதனால் அனுபவஸ்தர்கள் சொல்கிற முதல் விதி: குழலில் பொறித்ததைப் படிக்காதே, அறையை அள!

நண்பன் வெர்னியர் காலிப்பர் வாங்கி வந்தான். (நான் காமர்ஸ் குரூப். ப்ளஸ் டூ-வில் அதைச் சயின்ஸ் குரூப் பையன்கள் கையில் பார்த்ததோடு சரி.) ஆறு அறைகளையும் அளந்தான். 0.447 அங்குலம். இந்த 0.447-க்குள் இறங்க வேண்டிய குண்டு எவ்வளவு இருக்க வேண்டும்? 0.447? 0.446?

இல்லை. 0.451!

ஈயத்தில் ஒரு மெட்டி

பெரிய குண்டு சின்ன அறைக்குள் எப்படிப் போகும்? லிவரை அழுத்தும்போது அறையின் விளிம்பு கத்தி மாதிரி வேலை செய்கிறது. குண்டைச் சுற்றி ஈயத்தைச் சீவிவிடுகிறது. சீவின ஈயம் ஒரு மெல்லிய வளையமாகக் கழன்று விழும். பார்க்க அப்படியே கால் மெட்டி மாதிரி இருக்கும். அந்த வளையம் முழு வட்டமாக, அறுந்து போகாமல் வந்தால் குண்டு சைஸ் சரி. பாதி வட்டம்தான் வந்தது என்றால் குண்டு ஒரு பக்கம் இடுக்காகவும் மறுபக்கம் தளர்வாகவும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வளையமே வரவில்லையா? அந்தக் குண்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த வளையத்துக்காக இவ்வளவு அக்கறை எதற்கு? மூன்று காரணம்.

ஒன்று, விரல். ஓர் அறை வெடிக்கும்போது முன்பக்கம் நெருப்பு பீறிட்டு வரும். பக்கத்து அறையில் குண்டு தளர்வாக இருந்தால், சந்து வழியாக அந்த நெருப்பு உள்ளே புகுந்துவிடும். அதுவும் வெடிக்கும். சமயத்தில் மூன்று நாலு அறைகள் சேர்ந்து, சரவெடி மாதிரி! குழலுக்கு நேராக இருக்கிற அறை ஒன்றுதான்; மற்ற குண்டுகள் சட்டத்தில் மோதி எங்கே வேண்டுமானாலும் தெறிக்கும். கோல்ட் கம்பெனி இதே உருளை அமைப்பில் 1855 மாடலாக நீளத் துப்பாக்கி ஒன்றும் செய்தது. அதைப் பிடிக்கும்போது இடது கை உருளைக்கு முன்னால் இருக்கும். சரவெடி வெடித்தால் இடது கை என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். சிப்பாய்களுக்கு எதிரியைவிட அந்தத் துப்பாக்கி மேல்தான் பயம் அதிகம்.

(பின்பக்கம் கேப் தளர்வாக இருந்தாலும் இதே வில்லங்கம் வரும் என்கிறார்கள். ஆகவே கேப்புக்கும் சைஸ் பார்க்க வேண்டும். நம்பர் 10, நம்பர் 11 என்று தனித்தனியாக விற்கிறார்கள்.)

இரண்டு, உதறல். முதல் குண்டு போனதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். மற்ற அறைகளில் இருக்கிற குண்டுகள் தளர்வாக இருந்தால், சடன் பிரேக் போட்ட 12பி பஸ்ஸில் நிற்கிற பயணிகள் மாதிரி, இடம் பெயர்ந்து முன்னால் வந்துவிடும். உருளையை விட்டுத் தலையை நீட்டினால் உருளை சுழலாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி விழுவதும் நல்லதில்லை. குண்டு மருந்தின் மேல் அழுத்தமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இந்தத் துப்பாக்கியின் பாலபாடம்.

மூன்று, குறி. உருண்டையான குண்டு சுவரைத் தொடுவது ஒரு கோட்டில்தான். சீவிக்கொண்டு இறங்கின குண்டுக்கு இடுப்பில் பெல்ட் கட்டின மாதிரி ஒரு பட்டை விழுந்துவிடும். அந்தப் பட்டைதான் குழலின் சுருள் பள்ளங்களைப் பிடித்துக் கொள்கிறது. பட்டை அகலமானால் பிடி அதிகம்.

தலைமுடி வித்தியாசம்

கடைகளில் கிடைக்கிற குண்டுகளின் கணக்கு இது. பாயிண்ட் 36 ரிவால்வருக்கு 0.375 அல்லது 0.380 அங்குலம். பாயிண்ட் 44-க்கு 0.451 அல்லது 0.454. ரூகர் என்கிற அமெரிக்கக் கம்பெனி 1972 முதல் 2008 வரை 'ஓல்ட் ஆர்மி' என்று ஒரு கரிமருந்து ரிவால்வர் செய்தது, அதற்கு 0.457.

0.451-க்கும் 0.454-க்கும் வித்தியாசம் 0.003 அங்குலம். மில்லிமீட்டரில் 0.076. ஏறக்குறைய ஒரு தலைமுடி. அந்த ஒரு முடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்காதீர்கள். 0.447 அறையில் 0.451 போட்டால் மெல்லிய வளையம் வரும். லிவர் லேசாக இறங்கும். 0.454 போட்டால் தடித்த வளையம், அகலமான பெல்ட், ஆனால் லிவரைக் கொஞ்சம் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டும். சில துப்பாக்கிகளில் அறை 0.450-ஐத் தாண்டி இருக்கும். அவற்றில் 0.451 வெறுமனே உரசிக்கொண்டு போகும். வளையம் சரியாக வராது. அங்கே 0.454-தான் ஒரே வழி. ஒரே மாடல் பெயர் போட்ட இரண்டு துப்பாக்கிகளுக்கு இரண்டு சைஸ் குண்டு சரியாக அமைவதற்குக் காரணம் இதுதான்.

'பெரிசுதான் நல்லது என்றால் கோலிக்குண்டையே போடலாமே?' என்று என் நண்பனும் கேட்டான். போடலாம், லிவர் வளையும், அதைத் தாங்குகிற ஆணி முறியும். அளவுக்கு மேல் அகலமான குண்டு போட்டால் என்ன லாபம் என்றும் பாருங்கள். எவ்வளவு பெரிய குண்டை வைத்தாலும் உள்ளே இறங்கின பிறகு அதன் சைஸை முடிவு செய்வது அறைதான். 0.454 போனாலும் 0.457 போனாலும் 0.447 ஆகத்தான் உட்காரும். மிச்சமெல்லாம் மெட்டி. அதனால்தான் அறையைவிடக் குழலின் பள்ளம் அகலமாக இருக்கிற துப்பாக்கியில் எந்தக் குண்டு போட்டாலும் குறி முழுசாகச் சரியாகாது. போட்டிக்குச் சுடுகிறவர்கள் அறைகளையே கொஞ்சம் அகலமாகக் கடைந்து வாங்குகிறார்கள்.

குண்டு மெத்தென்ற சுத்த ஈயமாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு கண்டிஷன். வேறு உலோகம் கலந்த கெட்டி ஈயம் என்றால் சீவுப்படாது; லிவரோடு மல்லுக்கட்டும். ஈயம் என்றதும் பாட்டி ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைக்காதீர்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். 327 டிகிரியில் உருகும். உடம்புக்கு விஷம். சொந்தமாக வார்க்கிறவர்கள் திறந்த வெளியில்தான் உருக்குகிறார்கள். குண்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

0.451 குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 8.9 கிராம். தி.நகர்க்காரனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் ஒரு பவுனுக்கு மேல் கொஞ்சம்! ஆறு அறைக்கு ஆறரைப் பவுனுக்கு மேல். 'ஈயமாப் போச்சு, தங்கமா இருந்தா நகையாவது பண்ணிக்கலாம்' என்றாராம் திருமதி நண்பர்.

எடை என்றதும் ஒரு சுவாரஸ்யம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ்காரர்கள் குண்டை அங்குலத்தில் சொல்லாமல் தராசில்தான் சொன்னார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் ஒரே அளவாக எத்தனை குண்டு வார்க்கலாமோ அந்த எண்தான் துப்பாக்கியின் சைஸ். '12 போர்' என்கிறோமே, அது ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு குண்டு, அதாவது 0.729 அங்குலம். 1856-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக் கொண்ட ஆடம்ஸ் ரிவால்வர் '54 போர்', அங்குலத்தில் 0.442. எண் கூடக் கூடக் குண்டு சிறிசு! கிலோவுக்கு எத்தனை மாம்பழம் நிற்கும் என்று கேட்டு வாங்குகிற நமக்கு இது புதுசு இல்லை.

1857: ஒரு நூலிழைக் குண்டு

குண்டு சைஸ் யாரோ அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குக் கவலைப்படுகிற சமாசாரம் என்று தோன்றுகிறதா? நம் தேசத்தையே ஒரு தரம் உலுக்கி எடுத்தது இதுதான்.

ரிவால்வரில் குண்டை உருளையின் வாயில் வைத்து அழுத்துகிறோம். சின்ன தூரம், லிவரின் பலம். அதனால் பெரிய குண்டு கட்டுப்படியாகிறது. சிப்பாயின் நீளத் துப்பாக்கியில் அப்படி முடியாது. குண்டு குழல் வாயில் நுழைந்து மூன்றடிக்கு மேல் உள்ளே இறங்க வேண்டும். இறுக்கமான குண்டு இறங்காது. தளர்வான குண்டு குறி பிசகும். பழைய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியில் குழல் 0.75, குண்டு 0.69. தொளதொளவென்று ஜிப்பா போட்ட மாதிரி. வேகமாகப் போடலாம், குறியைக் கேட்கக் கூடாது.

இரண்டும் வேண்டும் என்று வந்தது 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள். குழல் 0.577, நீளவாக்கில் செய்த குண்டு 0.568. சுடும்போது குண்டின் அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைப் பிடித்துக் கொள்ளும். இறக்கும்போது இருக்கிற இடைவெளியோ மிக மிகக் குறைவு. அதனால் குண்டைக் காகிதத்தில் சுற்றி, வழுக்கிக் கொண்டு போக அதில் கொழுப்புத் தடவினார்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும் என்பது டிரில்.

மிச்சம் சரித்திரம். 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கத்து டம்டம்மில், தடவியிருப்பது பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்று பேச்சு கிளம்பியது. 'உங்கள் கொழுப்பை நீங்களே தடவிக் கொள்ளுங்கள்' என்று கம்பெனி இறங்கி வந்து பார்த்தது. நம்பிக்கை போன பிறகு எதைத் தடவி என்ன? மார்ச் 29-ல் பராக்பூரில் மங்கள் பாண்டே, மே 10-ல் மீரட். கலகத்துக்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. நெருப்பு வைத்தது அந்தக் கொழுப்பு. கொழுப்பு தேவைப்பட்டதோ குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் 0.009 அங்குலம்தான் இடைவெளி என்பதால்!

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. கலகத்தை அடக்க வடக்கே போன படைகளில் ஒன்று கம்பெனியின் ஐரோப்பியப் படையான மதராஸ் ஃபியூசிலியர்ஸ். கையில் புது என்ஃபீல்டு. தலைவர் கர்னல் நீல். வழியெல்லாம் அவர் தூக்கில் போட்டவர்களுக்குக் கணக்கில்லை. செப்டம்பர் 25-ல் லக்னோவில் செத்துப் போனார். அந்த மனிதருக்கு மவுண்ட் ரோடில் சிலை! அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு 1937-ல் சிலையை எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பினார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்க்க அந்த மியூசியத்துக்குப் போகிறவர்கள் நீலையும் நினைத்துக் கொள்ளலாம்.

கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இந்திய வெயிலில் அந்த இறுக்கமான குண்டு போடுவதற்குப் பாடாய்ப் படுத்துகிறது என்று கண்டுபிடித்து, 0.568-ஐ 0.55 ஆகக் குறைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு!

நமக்கு இங்கே என்ன?

கரிமருந்து நமக்கு வேண்டாம். ஆனால் சரியான குண்டைத் தேடுகிற வேலை சென்னையிலும் நடக்கிறது. ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களைக் கேளுங்கள். பெல்லட் 4.5 மில்லிமீட்டர் என்பது பெயர். கடையில் தலைப்பகுதி 4.49, 4.50, 4.51, 4.52 என்று டப்பா டப்பாவாக இருக்கும். போட்டிக்காரர்கள் துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பூட்டி, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் சுட்டுப் பார்த்து, எது ஒரே ஓட்டையில் விழுகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்து ஆசாமிக்கு 4.50 சரியாக இருந்தால் இவருக்கும் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. துப்பாக்கிக்குத் துப்பாக்கி ருசி வேறு.

மெரினாவிலும் பெசன்ட் நகர் பீச்சிலும் பலூன் சுடுகிறோமே, பக்கத்தில் பிரண்ட்ஸ் நிற்கும்போது பத்துக்கு எட்டு தப்பிப் போகிறதே... 'கடைக்காரர் குழலை வளைச்சு வெச்சிருக்கார்' என்பது நம் பரம்பரை நம்பிக்கை. பாவம், அவரைத் திட்டாதீர்கள். தேய்ந்த குழலில் தொளதொள பெல்லட் போட்டிருக்கலாம். அதற்கும் பலன் அதுதான். (உங்கள் கை நடுங்கியிருக்கலாம் என்பதை பிரண்ட்ஸ் எதிரில் நான் சொல்ல மாட்டேன்.)

என் நண்பன் 0.454 குண்டு டப்பா ஒன்றும் 0.451 டப்பா ஒன்றும் வாங்கி, இரண்டையும் போட்டுப் பார்த்தான். அவன் துப்பாக்கிக்கு 0.451-லேயே ஆறு அறையிலும் ஆறு முழு வளையம். பழைய 0.440 டப்பாவில் நூறு குண்டு அப்படியே இருக்கிறதே, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"இருக்கட்டும்டா. ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வரேன். கோலி ஆடலாம்."

"வேண்டாம்டா சாமி," என்றேன். "ஏர்போர்ட்ல உன் பெட்டியில நூறு ஈயக் குண்டைப் பார்த்துட்டு, இது கோலின்னு சொன்னா எவன் நம்புவான்?"